ரயில் ஏறாதவர் வாங்கிய வருஷ அட்டை

சட்டைப் பையைத் துழாவாமல் சட்டையை ஊறப்போடும் பெண்கள் ரங்கூனில் எங்காவது இருக்கலாம். சுல்தான் பீவி அந்த ரகம் இல்லை. ஊருக்கு யாங்கோன் என்று பேரை மாற்றிப் பதினைந்து வருஷம் ஆகியும் நம் ஆட்கள் வாயில் ரங்கூன் போகவில்லை, அதைப் போலத்தான் இந்தப் பழக்கமும். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் கணவர் பர்கத்துல்லாவின் பையிலிருந்து அவள் எடுத்ததெல்லாம் வெற்றிலைக் காம்பு, பஸ் டிக்கெட், தார்ப்பாய் அளவு கிறுக்கிய துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒரு அட்டை வந்தது.

பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. மேலே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு யானை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கீழே பர்கத்துல்லாவின் போட்டோ. எண்ணெய் தடவித் தலையை வழித்துச் சீவி, காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில்கூடப் போட்டோவுக்கு நிற்காமல் பந்தியைக் கவனிக்கிறேன் என்று நழுவிய மனுஷன் அவர். எப்போது ஸ்டூடியோவுக்குப் போனார், யாருக்காக இப்படிச் சீவிக்கொண்டார் என்று சுல்தான் பீவி யோசித்தாள்.

பர்மியப் பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துதான் பஸ் நம்பரோடு நின்றுவிட்டது. ஒன்பது வயது மகள் ருமானா கடகடவென்று படித்துவிடுவாள், ஆனால் இதைப் பிள்ளையிடம் நீட்ட முடியுமா? கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். அங்கே ஜெயம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ரயில்வேயில் மூட்டை தூக்கியவரின் பேத்தி. பத்தாவது வரை பர்மியப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஊர் வம்பு அவளிடம் வந்து மடிப்புத் தைத்துக்கொண்டு போகும்.

ஜெயம்மா அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"பியோ பியோ பார்க்குன்னு போட்டிருக்கு. ராட்டினம், மோதுற காரு எல்லாம் இருக்குதே, அதுதான். வருஷ அட்டையாம். அடுத்த மார்ச் வரைக்கும் செல்லுமாம். எத்தினி தடவ வேணும்னாலும் போலாம், எதுல வேணும்னாலும் ஏறலாம்."

"யாரு யாருக்கு?"

"தனி நபர்னு இருக்கு. ஊ பர்கத்துல்லான்னு மரியாதையாப் போட்டிருக்கு, அவரு ஒருத்தருக்குத்தான்." ஜெயம்மா பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "பாய் இந்த வயசுல ராட்டினம் சுத்தறாராக்கா?"

சுல்தான் பீவிக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தாறு வயது ஆள் ராட்டினத்தில் ஏறினால் போய்த் தொலைகிறார் என்று விட்டுவிடலாம். பர்கத்துல்லா அப்படிப்பட்டவரா? போன வருஷம் பேங்குகளின் வாசலில் ஜனங்கள் விடியக்காலையிலிருந்து வரிசை கட்டியதைப் பார்த்த பிறகு, அவர் நாளைக்கு வேண்டிய உப்பைக்கூட இன்றைக்கு வாங்குவதில்லை. ஒரு பொருளுக்கு முன்பணம் கேட்டால் கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பார். அந்த ஆள், ஒரு வருஷத்து விளையாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டியிருக்கிறார். அதுவும் தனியாக, வீட்டில் ஒரு சொல் சொல்லாமல்.

அட்டையைத் துடைத்து, காய்ந்த சட்டை ஒன்றின் பையில் வைத்துவிட்டாள். கேட்டால் ஏதாவது ஒரு கதை கட்டுவார், கதை கட்ட நேரம் கொடுக்கக் கூடாது என்று நினைத்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மீன் முள்ளை எடுத்தபடி மெதுவாக ஆரம்பித்தாள்.

"பியோ பியோ பார்க்குல புதுசா குட்டி ரயில் விட்டிருக்காங்களாம். புள்ள பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. ஒரு நாள் கூட்டிட்டுப் போலாமா?"

ருமானா தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். பர்கத்துல்லாவின் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"அந்தப் பக்கம் தல வச்சுக்கூடப் படுக்கக் கூடாது. காசு புடுங்குற கொட்டக அது. புள்ளைக்கு நல்ல பழக்கமாச் சொல்லிக் குடு."

"ஊருல எல்லாப் புள்ளைங்களும்தான் போகுது."

"எல்லாப் புள்ளைங்களும் போகட்டும். எம்புள்ள போகக் கூடாது." பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். ருமானா அழத் தொடங்கினாள். தனக்கு அட்டை, பிள்ளைக்குத் தடையா என்று சுல்தான் பீவி மனசுக்குள் பல்லை நறநறவென்று கடித்தாள்.

அப்புறம் அவளுக்கு ஒன்றொன்றாக மூக்கில் வேர்க்க ஆரம்பித்தது. பர்கத்துல்லாவுக்குத் தெயிஞ்சி மார்க்கெட்டில் தார்ப்பாய்க் கடை. மழை தொடங்குவதற்கு முந்தைய இந்த மூன்று மாதம்தான் வியாபாரம், கூரைக்குப் போட டாலாவிலிருந்தும் கியாக்தானிலிருந்தும் ஆட்கள் வந்து நிற்பார்கள். அப்படிப்பட்ட நாளில் வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் அஸர் தொழுததும் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். கேட்டால், "பள்ளிவாசல்ல யாசீன் ஓதுறோம்" என்பார். மார்க்கம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் எந்தப் பெண்சாதி குறுக்கே நிற்பாள்? பிப்ரவரியிலிருந்து இப்படி. அட்டையில் போட்டிருந்த தேதியும் பிப்ரவரிக்குப் பின்னால்தான்.

திங்கட்கிழமை மார்க்கெட் விடுமுறை. பர்கத்துல்லா மதியம் தூங்கினார். சுல்தான் பீவி வெங்காயம் வாங்கி வருகிறேன் என்று சொல்லி, ஆள் சேர்த்து ஏற்றும் லைன் காரில் ஏறி, நேராகப் பியோ பியோ பார்க்கின் டிக்கெட் கூண்டுக்கு முன்னால் இறங்கினாள். கூண்டுக்குள் இருந்த பெண்ணைப் பார்த்ததும் பாதிச் சந்தேகம் தீர்ந்த மாதிரி இருந்தது. இருபத்தைந்து வயசு இருக்கும். கன்னத்தில் வட்டமாகத் தனகா மரப்பட்டையை அரைத்துப் பூசியிருந்தாள். சிரித்தால் குழி விழுந்தது.

வருஷ அட்டை என்றால் என்னவென்று சுல்தான் பீவி பர்மிய மொழியில் அப்பாவியாக விசாரித்தாள். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். இந்த வருஷம்தான் முதல் முதலாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு பாரம் எழுதித் தர வேண்டும், இரண்டு போட்டோ வேண்டும். ஒரு நாள் டிக்கெட் என்றால் நாலு கூப்பன்தான், ஒரு கூப்பனுக்கு ஒரு விளையாட்டு. அட்டை இருந்தால் கூப்பனே வேண்டாம், எந்த வரிசையிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம்.

"இதையெல்லாம் யாராவது வாங்குகிறார்களா?" என்றாள் சுல்தான் பீவி.

"கொஞ்சம் பேர் வாங்கியிருக்கிறார்கள், ஆன்ட்டி. எல்லாருக்கும் சந்தேகம், ஒரு வருஷம் வரை பார்க் இருக்குமா என்று எங்களையே கேட்கிறார்கள்." அவள் சிரித்தாள். "முதல் அட்டை யாருக்குப் போட்டோம் தெரியுமா? ஒரு காலா ஊவுக்கு. தாடி வைத்திருப்பார். வியாழக்கிழமை தவறாமல் வருவார். நாங்கள் வியாழக்கிழமை ஊ என்றுதான் சொல்லுவோம்."

காலா என்ற சொல் இந்தியர்களை அவர்கள் இளக்காரமாகச் சொல்வது. மற்ற நாளாயிருந்தால் சுல்தான் பீவிக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். அன்றைக்கு அது காதில் ஏறவேயில்லை.

"அவர் எதில் ஏறுவார்?"

"அதுதான் வேடிக்கை. ஒன்றிலும் ஏற மாட்டார். குட்டி ரயிலுக்கு வரிசையில் நிற்பார். அவர் முறை வந்ததும் விலகிவிடுவார். திரும்பவும் கடைசியில் போய் நிற்பார். ஏழெட்டு முறை அப்படி நின்றுவிட்டுப் போய்விடுவார். பாவம், நல்ல மனிதர்தான்."

வெங்காயம் வாங்க மறந்துபோய் சுல்தான் பீவி வீடு திரும்பினாள். குட்டி ரயில் வரிசையில் யார் நிற்பார்கள்? சின்னப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் தாய்மார்களும்தானே. அந்தத் தாய்மார்களில் ஒருத்திக்காகத்தான் இவர் நிற்கிறார். முறை வந்ததும் விலகுவது எதற்கு? அவள் வரும் வரை வரிசையை விடக்கூடாது என்பதற்காக. கூண்டுப் பெண்ணின் மேல் இருந்த சந்தேகம் போய் இன்னும் மோசமான ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்தது. ஒருத்தி மட்டும் இல்லை, ஒரு பிள்ளையும் இருக்கிறது. அதனால்தான் ருமானா அங்கே வரக் கூடாது என்கிறார். இரண்டு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துவிடக் கூடாதே.

இந்த நினைப்பு வந்ததும் அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஏனென்றால் அவள் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். ருமானாவுக்கு முன்னால் ஆபித் என்று ஒரு மகன். பத்து வருஷத்துக்கு முந்தைய மழையில், மூன்று வயது முடியும் முன்னால், நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டான். தலைப்பிள்ளையை மண்ணில் வைத்த மனுஷன், இன்னொருத்தி வீட்டில் ஒரு பிள்ளையைப் பெற்று அந்த இடத்தை நிரப்பிக்கொண்டாரா? அவர் இன்னொருத்தியைப் பார்த்தார் என்பதைக்கூட அவள் என்றைக்காவது மன்னித்துவிடுவாள். இதை மட்டும் மன்னிக்க முடியாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

வியாழக்கிழமை வந்தது. ருமானாவை ஜெயம்மாவிடம் விட்டாள். சேலை கட்டினால் தூரத்திலேயே தெரிந்துவிடும் என்று ஜெயம்மாவின் பர்மியச் சட்டையும் கைலி போன்ற தமெய்னும் உடுத்திக்கொண்டாள். ஜெயம்மாவே அவள் இரண்டு கன்னத்திலும் தனகாவை அப்பிவிட்டாள்.

"அடையாளமே தெரியலக்கா. பாத்தவுடனே கத்தாத. மொதல்ல நல்லாப் பாத்துக்க, அப்புறம் புடி" என்று சொல்லி அனுப்பினாள்.

ஒரு நாள் டிக்கெட்டும் நாலு கூப்பனும் வாங்கிக்கொண்டு சுல்தான் பீவி உள்ளே போனாள். ராட்டினத்தையும் மோதும் கார்களையும் தாண்டி, பின்பக்கமாக ஒரு புது வாசல் வைத்திருந்தார்கள். அதற்கு அப்பால் புதிதாகச் சேர்த்த இடம். சிமெண்டு இன்னும் வெள்ளை மாறவில்லை. நடுவே தண்டவாளம் வளைந்து ஓடியது. கம்பி போட்டுத் தடுத்த வரிசை மூன்று மடிப்பாக மடிந்து நின்றது. சோளக்கருது சுட்டு விற்பவளின் குடைக்குப் பின்னால் சுல்தான் பீவி இடம் பிடித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

ஐந்து மணிக்கு பர்கத்துல்லா வந்தார். கையில் ஒன்றுமில்லை, பொம்மை இல்லை, பொட்டலம் இல்லை. வரிசைக்குள் நுழையும் இடத்தில் கூப்பன் கிழிக்கும் ஆளிடம் அட்டையைக் காட்டினார். அந்த ஆள் தலையாட்டிச் சிரித்தான். அவருக்கு முன்னால் பச்சைத் தமெய்ன் கட்டிய ஒருத்தி ஒரு பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பையன் பந்தைக் கீழே விட்டான். பர்கத்துல்லா குனிந்து எடுத்துக் கொடுத்தார், பையனின் தலையைத் தொட்டார்.

ரயில் வந்தது. பச்சைத் தமெய்னும் பையனும் ஏறினார்கள். இவர் ஏறவில்லை. அவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை, இவரும் பார்க்கவில்லை. கம்பிக்குக் கீழே குனிந்து வெளியே வந்து மறுபடியும் கடைசிக்குப் போனார். அடுத்து ஒரு சீனக் கிழவர் பேத்தியோடு வந்தார், அதற்கடுத்து பள்ளிக்கூடச் சட்டையில் மூன்று பெண்பிள்ளைகள். யாரும் இவருக்காக வந்த மாதிரி இல்லை. மூன்றாவது முறைதான் சுல்தான் பீவி ஒன்றைக் கவனித்தாள். வரிசை நகர்ந்தாலும் இவர் இரண்டாவது மடிப்பு முடியும் இடத்தில் நின்றுவிடுகிறார். முன்னால் இடம் விழுந்தும் போவதில்லை. பின்னால் இருப்பவர்கள் தள்ளினால்தான் நகர்கிறார். உதடு ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

யாரோடு பேசுகிறார்? இதற்கு மேல் பொறுக்க முடியாமல் அவள் ஒரு கூப்பனைக் கொடுத்து வரிசைக்குள் புகுந்தாள். அடுத்த சுற்றில் அவருக்கு நேர் பின்னால் நின்றாள். அவர் தலையில் இப்போது தொப்பி இருந்தது. அந்த மடிப்பு முனைக்கு வந்ததும் அவர் நின்றார். அவளும் நின்றாள். இத்தனை நெருக்கத்தில் சத்தம் கேட்டது. யாசீன். அவர் ஓதியது, இறந்தவர்களுக்காக ஓதும் அந்த யாசீனேதான். கடைசி வசனத்தை முடித்து, பார்ப்பவர்களுக்குத் தெரியாதபடி நெஞ்சுக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்தினார். "யா அல்லாஹ், எம்புள்ள ஆபித்த" என்று ஆரம்பித்தவர் மேலே சொல்ல முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பியவர் தனகா பூசிய முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிய நேரம் பிடித்தது.

"பீவி? நீ எங்க இங்க?"

"இந்த எடத்துல என்ன இருக்கு?" என்றாள் அவள். அவர் காலடியில் இருந்த சிமெண்டைப் பார்த்தார். "கேக்குறேன்ல. ஆபித் பேரச் சொல்லி இங்க எதுக்கு ஓதுறீங்க? அவன் கபுர் மாவ்பி ரோட்டுல இருக்கு. இங்க யாரு இருக்கா?"

"இங்கதான் இருக்கான்" என்றார் பர்கத்துல்லா.

பின்னாலிருந்தவர்கள் நகரச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். அவர் அவள் கையைப் பிடித்துக் கம்பிக்கு வெளியே கூட்டிவந்து சுவரோரம் உட்கார வைத்தார். உட்கார்ந்த பிறகுதான் அவள் அந்தச் சுவரைப் பார்த்தாள். மற்றதெல்லாம் புதுச் சுவர். இது மட்டும் பழசு, மேலே கண்ணாடிச் சில்லு பதித்து, பாசி பிடித்துக் கறுத்துப்போனது. ஆபித்தை அடக்கத் தூக்கிப் போன அன்றைக்கு, அந்தப் பக்கத்துத் தெருவில் இதே சுவரில் சாய்ந்துதான் அவள் நின்றாள். இறந்தவர்களை அடக்கும் மையவாடிக்குள் பெண்கள் போவது நம் ஆட்களிடம் வழக்கம் இல்லை. சந்தூக் உள்ளே போனது, அவள் வெளியே நின்றாள்.

அந்த மையவாடியை ஏழு வருஷத்துக்கு முன்னால் காலி செய்யச் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் வந்து தங்கள் கபுர்களைத் தோண்டி எலும்பை எடுத்துக்கொண்டு மாவ்பி போகிற வழியில் கொடுத்த புது இடத்துக்குப் போகலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நோன்பு மாதம் அது. பர்கத்துல்லா எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டதாகச் சொன்னார். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை, ஆபித் இறந்த நாளில், இரண்டு பேரும் லைன் காரில் அங்கே போவார்கள். அவர் உள்ளே போவார். அவள் வாசலில் வெயிலில் நிற்பாள். அவள் கட்டிக் கொடுத்த மல்லிகைப் பூவை அவர் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்த ஆபித்தின் கபுர் அந்த வாசல்தான்.

"நோட்டீஸ்ல பர்மாக் கணக்குல தபோத்வே மாசம் லசான் மூணுன்னு போட்டிருந்துச்சு" என்றார் பர்கத்துல்லா. "வளர்பிறை மூணு வரைக்கும் டைம். குழி வெட்டுறவரு நோன்பு, பெருநாள் முடிஞ்சு வர்றேன்னாரு. நானும் கணக்குப் போட்டேன். பெருநாள் பிறை ஒண்ணு, மறுநாள் ரெண்டு, ஒரு நாள் கையில இருக்கேன்னு நெனச்சேன். அவங்க அமாவாச முடிஞ்சதும் எண்ண ஆரம்பிச்சிடுறாங்க பீவி. நமக்குப் பிறை கண்ணுல தெரிஞ்சாத்தான் கணக்கு. அந்த மாசம் ரெண்டு நாள் கழிச்சுத்தான் நமக்குத் தெரிஞ்சுச்சு. நான் மண்வெட்டியும் துணியும் எடுத்துக்கிட்டு வந்த அன்னிக்கு நமக்குப் பிறை ரெண்டு, அவங்களுக்கு லசான் நாலு. மெஷின் எல்லாத்தையும் தள்ளிச் சமமாக்கிடுச்சு. உள்ளயே விடல."

அவள் சுவரின் பாசியை நகத்தால் சுரண்டினாள்.

"வீட்டுக்கு வந்தேன். மொகத்த கிப்லா பக்கம் திருப்பி வச்சீங்களான்னு நீ கேட்ட. ஆமான்னு வாயில வந்துடுச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் சொல்லவே முடியல."

"எம் பூவ எங்க வச்சீங்க?"

"சுவத்தோரமா ஒரு சின்னப் புள்ள கபுர் இருக்கு. பேரு இல்ல. அதுல வச்சேன்."

"ஏழு வருஷம்" என்றாள் சுல்தான் பீவி. குரல் உயரவில்லை. "யாரோ பெத்த புள்ளைக்கு என்னைப் பூக் கட்ட வச்சீங்க. வெயில்ல நிக்க வச்சு, போலாமா பீவின்னு கூட்டிட்டு வந்தீங்க. இன்னொருத்தி இருந்திருந்தாக்கூடத் தேவலாம்னு இருக்கு."

அவர் அத்தனை வருஷமும் சுவருக்கு வெளியே நடந்தபடி ஓதியதையும், இந்த வருஷம் பார்க்காரர்கள் இடத்தைச் சேர்த்துக்கொண்டு திறந்ததும் முதல் நாளே உள்ளே வந்ததையும் சொன்னார். வடக்குச் சுவர் மூலையிலிருந்து பதினெட்டு எட்டு, அங்கிருந்து கிழக்கே ஆறு. ஆபித்தை வைத்த அன்றைக்கே எண்ணி மனசில் வைத்திருந்தாராம். அது வரிசையின் நடுவில் விழுந்தது. சும்மா நின்றால் விரட்டுகிறார்கள், வரிசையில் நின்றால் யாரும் கேட்பதில்லை. நாலு கூப்பனில் யாசீனைப் பாதிகூட முடிக்க முடியவில்லை. அதனால் அட்டை. ருமானா வந்தால் அண்ணன் இருக்கும் இடம் என்று தெரியாமல் அதன்மேல் குதிப்பாளே, அதனால் தடை.

சுல்தான் பீவி எழுந்து நடந்தாள். லைன் காரில் அவருக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் பின்னால் நின்றபடி வந்தாள். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், பையைத் துழாவவில்லை. ஜெயம்மா எத்தனையோ விதமாகக் கேட்டும், "பொம்பள இல்ல" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. முதல் இரண்டு நாள் கோபம் மட்டும்தான் இருந்தது. மூன்றாம் நாள் துணி பிழியும்போது வேறொன்று தட்டுப்பட்டது. அன்றைக்கு வரிசையில் அவள் தன் மகன் இருக்கும் இடத்தை மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். யாரும் அவளை வெளியே நில் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை தானே ஸ்டூடியோவுக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டாள். பாரத்தை ஜெயம்மா எழுதிக் கொடுத்தாள். எதற்கு என்று அவள் கேட்டதற்கு, "ரயில் பாக்க" என்றாள். கூண்டில் இருந்த பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"குடும்ப அட்டை எடுத்தால் விலை குறைவு, ஆன்ட்டி. வீட்டில் எத்தனை பேர்?"

"எனக்கு மட்டும் போடம்மா."

பிளாஸ்டிக் உறை சூடாக வந்தது. அதை விசிறி ஆறவைத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு பர்கத்துல்லா வீட்டுக்கு வந்தார். கடந்த வாரம் நடந்ததற்குப் பின் தனியாகப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. அவள் கை கால் முகம் கழுவி ஒழுச் செய்து, சேலை கட்டித் தயாராக நின்றாள். இரண்டு பேரும் கிளம்பினார்கள். பார்க்கின் வாசலில் அவர் சட்டைப் பையில் கையை விட்டபோது அவள் தடுத்தாள்.

"நீங்க இங்க நில்லுங்க."

"ஏன் பீவி?"

"நான் பாத்துட்டு வர்றேன். நீங்க வாசல்ல நில்லுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு, டிக்கெட் கூண்டுக்குப் பக்கத்தில் வெயில் விழும் இடத்திலேயே போய் நின்றுகொண்டார். நிழலுக்கு நகரச் சொல்லலாமா என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லாமல் உள்ளே போனாள்.

கூப்பன் கிழிக்கும் ஆள் புது அட்டையைப் பார்த்து வழிவிட்டான். இரண்டாவது மடிப்பு முடியும் இடத்துக்கு வந்து நின்றாள். யாசீனை மனசில் கொண்டுவந்தாள், முதல் வசனத்துக்கு மேல் வரவில்லை. சிறு வயசில் ஓதிய ஓதல், தடுமாறியதே கிடையாது. சிமெண்டைக் குனிந்து பார்த்தாள். அப்புறம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் சொல்கிற மாதிரி, "உம்மா வந்திருக்கேன்டா" என்றாள். சொன்னதும் மற்றது தானாக வந்தது. ருமானா இந்த வருஷம் நாலாவது போயிருப்பதைச் சொன்னாள். அவளுக்குக் கணக்கு வராததைச் சொன்னாள். வாப்பாவுக்கு முட்டி வலி வந்திருப்பதைச் சொன்னாள்.

ரயில் வந்து நின்றது. வரிசை முன்னால் போனது, அவள் போகவில்லை. பின்னால் நின்ற பெண் கைப்பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "நீங்கள் ஏறவில்லையா?" என்று கேட்டாள்.

"இல்லை, நீங்கள் போங்கள்" என்றாள் சுல்தான் பீவி. ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டாள், அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் விட்டாள்.